எல்டன் ஜோனின் தலைசிறந்த பாடல்கள்

மேடையில் நின்று பாடும் ஒருவரைக் கண்ணாற் காண்பது ஓர் அனுபவம். அவருடைய பாட்டை வானொலியிற் காதாற் கேட்பது வேறோர் அனுபவம். மேடையில் ஆடை உண்டு, அணி உண்டு, விளக்கொளி உண்டு, ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரமும் உண்டு. வானொலியில் இவற்றுள் எதுவும் இல்லை. குரலும் சொல்லும் இசையும் மாத்திரமே நேயரிடம் வந்து சேருகின்றன. ஆகவே, ஒரு பாட்டு எத்துணைத் தரமுடையது என்பதை அறிவதற்கு வானொலியைவிட நேர்மையான உரைகல் வேறில்லை எனலாம்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றவர் பிரித்தானியப் பொப்பிசைப் பாடகர் எல்டன் ஜோன் ஆவார். கோலத்தால் இவரளவுக்குக் கண்ணைக் கவர்ந்த பாடகர் மிகச் சிலரே. இறகு பதித்த உடைகள், உயர்ந்த அடித்தட்டுடைய சப்பாத்துகள், எண்ணற்ற விதமான மூக்குக்கண்ணாடிகள் ஆகியவை 1970களில் இவருடைய அடையாளமாக விளங்கின. 1975ஆம் ஆண்டு ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டொட்ஜர் விளையாட்டரங்கில் இரு நாள்கள் பாடியபோது, பளபளக்கும் சிறு தகடுகள் தைத்த பேஸ்போல் ஆட்டக்காரரின் உடையில் இவர் தோன்றினார். 1980ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் டொனால்ட் டக் எனும் வாத்தின் வேடம் பூண்டு பியானோவின் முன் அமர்ந்தார். இக்கோலங்களைக் கண்டு இவரை வெறுங் கேலிக்கூத்தர் என ஒதுக்கியவர்கள் உளர். கோலத்தையே கலையென்று கொண்டாடியவர்களும் உளர். இரு சாராரும் பாட்டைச் செவ்வையாகக் கேளாதவர்களே.

கோலத்துக்குப் பின்னால் இருந்தவர் கூச்ச சுபாவமுடைய ஒரு சிறுவர். 1947ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இலண்டனை அடுத்த பின்னர் என்னும் ஊரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் றெஜினால்ட் கென்னத் டுவைட். பள்ளிக்குச் செல்லும் வயதுக்கு முன்னரே, கேட்ட இசையைப் பியானோவில் வாசித்துக் காட்டும் ஆற்றல் அவரிடம் காணப்பட்டது. பதினொரு வயதில் இலண்டன் அரச இசைக் கழகத்தின் இளையோர் பிரிவில் புலமைப்பரிசில் பெற்றுச் சனிக்கிழமைகளில் மேலைத்தேயச் செவ்வியல் இசை பயின்றார். பின்னர், பதின்ம வயதிலேயே வார இறுதிகளில் ஒரு மதுச்சாலையில் பியானோ வாசித்துப் பொருளீட்டினார். புளூசொலஜி என்னும் இசைக்குழுவில் இருந்த காலத்தில், சக கலைஞர்களான எல்டன் டீன், லோங் ஜோன் போல்ட்ரி ஆகிய இருவரின் பெயர்களிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து எல்டன் ஜோன் எனத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியுங்கூட, முதலில் அமெரிக்கப் பாடகர் பட்டி ஹொலியைப் போலத் தோன்றவேண்டும் என்ற ஆசையால் அணிந்ததே என்று அவர் கூறியுள்ளார். பெயரும் தோற்றமும் இவ்வாறு இரவலாகப் பெறப்பட்டன. பாட்டின் சொற்களும் இன்னொருவரிடமிருந்தே கிடைத்தன என்பதுதான் இவர் வரலாற்றின் மிகச் சுவையான பகுதி.

1967ஆம் ஆண்டில் லிபேர்ட்டி என்னும் இசைத்தட்டு நிறுவனம், புதிய கலைஞர்கள் தேவையென ஓர் இசைப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. எல்டன் அங்கே சென்று, தமக்கு இசையமைக்க வரும், ஆனால் பாட்டெழுத வராது என்று தெரிவித்தார். அதே விளம்பரத்தைக் கண்டு, பாட்டெழுத வரும், இசையமைக்க வராது என்ற நிலையிலிருந்த பேர்னி டோப்பின் என்னும் பதினேழு வயது இளைஞரும் விண்ணப்பித்திருந்தார். அவர் இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள லிங்கன்ஷயர் மாவட்டத்துக் கமத்தொழிற் சூழலில் வளர்ந்தவர். அவருடைய கவிதைகள் அடங்கிய கடித உறையொன்று எல்டனின் கையிற் கொடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்த ஒரு கூட்டுறவு அந்த உறையிலிருந்து தொடங்கியது.

தமிழ்த் திரையுலகில் இசையமைப்பாளர் முதலில் மெட்டமைக்க, கவிஞர் அந்த மெட்டுக்குச் சொல் இடுவது பெருவழக்கு. எல்டனும் டோப்பினும் இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டனர். முதலிற் பாட்டு எழுதப்படும். அத்தாள் பியானோவின் மேல் வைக்கப்படும். எல்டன் அதைப் படித்துக்கொண்டே மெட்டமைப்பார். அவ்வேளையில் எழுதியவர் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. எழுதியவர் என்ன கருதினார் என்று விசாரித்து அறிவதுமில்லை. சில பாடல்களின் பொருள் இன்றுவரை தெளிவுபடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆயினும், சொல்லிலுள்ள உணர்ச்சியை இசையறிவொன்றையே துணையாகக் கொண்டு கண்டறியும் ஆற்றல் எல்டனிடம் இருந்தது. அவருடைய சிறந்த பாடல்கள் யாவும் இந்த ஆற்றலின் விளைவுகளே.

அவற்றுள் முதலிற் குறிப்பிடத்தக்கது 'யுவர் சோங்', அதாவது 'உனது பாட்டு'. 1969ஆம் ஆண்டில் எல்டனின் தாயார் வசித்த தொடர்மாடி வீட்டில் இருவரும் தங்கியிருந்தபோது, ஒரு காலையுணவு வேளையில் டோப்பின் இதனை எழுதினார். அப்போது அவர் இருபது வயதை எட்டவில்லை. எல்டன் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இசையமைத்து முடித்தார் என்பர். கையில் பணமில்லாத ஓர் இளைஞன் தன் காதலிக்கு ஒரு பாட்டைப் பரிசாகக் கொடுக்கிறான், இதுவே பொருள். அவன் சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறான், நடுவே நிறுத்துகிறான், காதலியின் கண்களின் நிறத்தையே மறந்துவிட்டு அதற்காக வருந்துகிறான். காதற் பாட்டிலே காதலன் நாவன்மையுடையவனாக இருப்பதே உலக வழக்கு. இப்பாட்டிலோ சொல்வன்மையின்மையே உண்மையின் சான்றாக நிற்கிறது. போல் பக்மாஸ்டர் அமைத்த நரம்பிசை, பியானோவின் மேல் ஆரவாரமின்றி வந்து படிகிறது.

இப்பாட்டின் வெற்றியில் வானொலிக்கும் ஒரு பங்குண்டு. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இது இசைத்தட்டின் மறுபக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது. முன்பக்கத்துக்குரியதாக நிறுவனத்தார் தெரிந்தெடுத்தது வேறொரு பாட்டு. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டு 'யுவர் சோங்' பாட்டையே ஒலிபரப்பினர். அதன் பயனாக அது அமெரிக்காவில் எட்டாம் இடத்தையும் பிரித்தானியாவில் ஏழாம் இடத்தையும் எய்தியது.

அடுத்து, 1972ஆம் ஆண்டில் வெளியான 'றொக்கட் மேன்'. விண்வெளிப் பயணியைப் பற்றிய இப்பாட்டுக்கு, அமெரிக்க எழுத்தாளர் றே பிராட்பரி எழுதிய ஒரு சிறுகதை தூண்டுகோலாக அமைந்தது. பெற்றோரைக் காண வாகனமோட்டிச் செல்லும் வழியில் அதன் தொடக்க அடிகள் டோப்பினின் மனத்தில் உதித்தன. எழுதுவதற்குத் தாள் இல்லாமையால், வீடு போய்ச் சேரும் வரை மறந்துவிடாதிருக்க அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சென்றாராம். சந்திரப் பயணங்கள் உலகை வியப்பில் ஆழ்த்திய காலம் அது. அப்பலோ 16 விண்கலம் புறப்பட்ட அதே ஏப்ரல் மாதத்திலேயே இப்பாட்டும் வெளிவந்தது. ஆயினும் விண்வெளியின் வீரத்தை இது பாடவில்லை. வேலையின் நிமித்தம் மனைவியையும் மக்களையும் விட்டுச் செல்லும் ஒரு மனிதனின் தனிமையைப் பாடுகிறது. நம் இலக்கணநூலார் பொருள்வயிற் பிரிவு என்று கூறும் துயரமே இது. தொலைவு மாத்திரந்தான் வேறு: பாலை நிலத்தைக் கடந்து செல்பவனுக்குப் பதிலாக, வானத்தைக் கடந்து செல்பவன். கிற்றாரின் கம்பியில் வழுக்கி மேலேறும் ஒலி, கலம் மண்ணைவிட்டு எழுவதைக் கேட்பவர் உணரும்படி செய்கிறது. கண்ணாற் காண வேண்டியதைக் காதாற் காட்டிய பாட்டு இது.

1973ஆம் ஆண்டு வெளியான 'டானியேல்' சொல்லாமல் விட்டதனாற் சிறந்த பாட்டு. தமையன் விமானமேறிச் செல்கிறான். தம்பி கீழே நின்று பார்க்கிறான். தமையனின் கண்ணுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. அவனுடைய மனத்திலும் ஆறாத புண் இருக்கிறது. காரணம் எங்குமே கூறப்படவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரரைப் பற்றிப் படித்ததன் பேரிலேயே டோப்பின் இதனை எழுதினார். அச்செய்தியை விளக்கும் இறுதிப் பகுதியொன்றும் இருந்தது. பாட்டு நீண்டுவிடுகிறது என்று கருதி எல்டன் அப்பகுதியை நீக்கிவிட்டார். அதனாற் பொருள் மயங்கிப் பலர் பலவாறு உரை கூறினர் என்பது உண்மையே. எனினும், எந்தப் போரில் எந்தச் சகோதரனை இழந்தவருக்கும் இப்பாட்டுத் தம்முடையதாகத் தோன்றுவதும் அந்த நீக்கத்தாலேயே. சொல்லப்பட்ட துயரத்திலும் குறிப்பால் உணர்த்தப்படும் துயரம் ஆழமானது என்பதைத் தமிழ்ச் சுவைஞருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் 'குட்பை யெலோ பிறிக் றோட்' என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. முதலில் ஜமெய்க்காவிலே ஒலிப்பதிவு செய்ய முயன்று, வசதிகள் பொருந்தாமையால், பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பழைய மாளிகையொன்றில் இதனைப் பதிவு செய்தனர். மஞ்சட் செங்கற் பாதை என்பது, ஓஸ் என்னும் மாய உலகைப் பற்றி எல். பிராங்க் போம் எழுதிய சிறுவர் கதையில், மந்திரவாதியின் நகரத்துக்கு இட்டுச் செல்லும் வழி. அந்தப் பாதைக்கு விடைகொடுத்து, தான் பிறந்த கமத்துக்கே திரும்ப விரும்பும் ஒருவனின் குரலாகத் தலைப்புப் பாட்டு அமைந்துள்ளது. லிங்கன்ஷயரின் வயல்வெளியிலிருந்து வந்த கவிஞர் தம் மனநிலையை எழுத, புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த பாடகர் அதைப் பாடினார். போக விரும்பியவர் ஒருவர். போக இயலாதவர் மற்றொருவர். பல்லவியின் முடிவில் எல்டனின் குரல் இயல்பான எல்லையைக் கடந்து மெல்லிய உச்சத்துக்கு ஏறும்போது, இந்த முரண் செவிக்குப் புலனாகிறது.

இதே தொகுப்பிலுள்ள 'பெனி அன்ட் த ஜெட்ஸ்' பாட்டின் வரலாறு நேயர்களுக்கு உவப்பளிக்கும். கற்பனையான ஓர் இசைக்குழுவைப் பற்றிய இது தனித்தட்டாக வெளியிடத் தக்கதன்று என்றே எல்டன் எண்ணியிருந்தார். டெட்ரோயிட் நகரில், கறுப்பின மக்கள் விரும்பிக் கேட்ட வானொலி நிலையமொன்று அதனை இடைவிடாது ஒலிபரப்பிற்று. மக்களின் விருப்பம் பெருகவே அது தனித்தட்டாக வெளிவந்து, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்தது. பாட்டிற் கேட்கும் சபையோரின் கைதட்டல், ஒலிப்பதிவுக் கூடத்திற் பின்னர் சேர்க்கப்பட்டதாகும். பொய்யான கைதட்டலோடு வந்த பாட்டுக்கு மெய்யான கைதட்டலை வானொலி தேடிக் கொடுத்தது எனலாம்.

1975ஆம் ஆண்டு வெளிவந்த 'சம்வண் சேவ்ட் மை லைவ் டுநைட்' என்ற பாட்டே எல்டனின் வாழ்வுக்கு மிக நெருங்கியது. 1968ஆம் ஆண்டில், மனம் ஒவ்வாத ஒரு திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எல்டன், வழியறியாது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றார். அத்திருமணம் வேண்டாம் என்று இடித்துரைத்து அவரை மீட்டவர் நண்பர் லோங் ஜோன் போல்ட்ரி. அந்த நாள்களில் உடனிருந்தவர் டோப்பின். ஏழு ஆண்டுகளின் பின் அந்த இரவை அவர் எழுத, உயிர் தப்பியவரே அதைப் பாடினார். ஆறு நிமிடங்களுக்கும் மேற்பட்ட இப்பாட்டில் பியானோ கோவில் மணிபோலக் கனத்து ஒலிக்கிறது. இங்கே இசையமைப்பாளர் பிறர் சொல்லைப் பாடவில்லை. தம் கதையையே பிறர் சொல்லாற் கேட்டு அறிகிறார். இப்பாட்டு இடம்பெற்ற தொகுப்பு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நுழைந்த வாரத்திலேயே முதலிடம் பெற்ற முதலாவது இசைத்தொகுப்பு என்ற பெருமையைப் பெற்றது.

இக்கூட்டுறவு தொடர்ந்து நேர்கோட்டிற் செல்லவில்லை. 1970களின் பிற்பகுதியில் இருவரும் சில காலம் பிரிந்து, வெவ்வேறு கலைஞர்களுடன் பணியாற்றினர். அக்காலத்தில், 1978இல், எல்டன் அமைத்த இசை ஒன்று தம் நிறுவனத்தில் பணிபுரிந்து விபத்தில் இறந்த பதினேழு வயதுச் சிறுவனின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது. அதில் ஏறக்குறையச் சொற்களே இல்லை. இறுதியில் ஒரு சிறு தொடர் மாத்திரமே திரும்பத் திரும்ப வருகிறது. சொல் தரும் நண்பர் அருகில் இல்லாத வேளையில் துயரத்தைச் சொல்லின்றியே அவர் வெளியிட்டார். 1983ஆம் ஆண்டில் இருவரும் முழுமையாக மீண்டும் இணைந்து உருவாக்கிய தொகுப்பில் 'ஐம் ஸ்டில் ஸ்டான்டிங்' இடம்பெற்றது. வீழாமல் இன்னும் நிற்கிறேன் என்னும் பொருள்படும் இப்பாட்டு, உடைந்த காதலைப் பற்றியே எழுதப்பட்டது. காலப்போக்கில் எல்டனுடைய வாழ்வின் விளக்கமாகவே அது கொள்ளப்பட்டது.

அவர் வீழ்ந்ததும் மறைக்கத்தக்கதன்று. போதைப்பொருளும் மதுவும் பல ஆண்டுகள் அவரை அடிமைகொண்டிருந்தன. 1987ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் தொண்டையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன் பின் பழைய மெல்லிய உச்சக் குரல் மறைந்து, தாழ்ந்து கனத்த குரலே எஞ்சியது. 1989இல் வெளிவந்த 'சக்ரிபைஸ்' என்ற பாட்டு அந்தப் புதிய குரலுக்கே உரியது. முதலில் அதனைக் கவனிப்பார் இல்லை. மறு ஆண்டு பிரித்தானிய வானொலி அறிவிப்பாளர் ஒருவர் விடாது ஒலிபரப்பவே, மீண்டும் வெளியிடப்பட்டு, தனித்துப் பாடிய பாட்டுக்காகத் தாய்நாட்டில் எல்டன் பெற்ற முதலாவது முதலிடமாக அது அமைந்தது. அதன் வருவாய் எயிட்ஸ் நோய் தொடர்பான அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது. அதே 1990ஆம் ஆண்டிலேயே அவர் சிகிச்சை பெற்றுப் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டார். 1992இல் எயிட்ஸ் நோயாளருக்கென ஓர் அறநிலையத்தைத் தாமே நிறுவினார்.

இறுதியாக ஆராயத்தக்கது 'கான்டில் இன் த வின்ட்', அதாவது 'காற்றில் ஒரு மெழுகுவர்த்தி'. 1973ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள இப்பாட்டு, 1962ஆம் ஆண்டு முப்பத்தாறு வயதில் இறந்த நடிகை மர்லின் மன்றோவைப் பற்றியது. அவரை ஒருபோதும் சந்தித்திராத ஓர் இரசிகன், திரையரங்கின் இருட்டில் அமர்ந்து பார்த்த ஒருவன், அவருக்காக இரங்குகிறான். அவர் இருந்த காலத்திலும் இறந்த பின்பும் அவரை அலைக்கழித்த பத்திரிகை உலகைக் கடிகிறான். நம் புறத்திணையிலுள்ள கையறுநிலையைப் போன்றது இது. ஆனால் புலவன் தன்னைப் புரந்த மன்னனுக்காகப் பாடுவான். இங்கே பெயரற்ற ஒருவன், தன்னை அறிந்திராத ஒருத்திக்காகப் பாடுகிறான்.

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் இளவரசி டயானா பாரிஸ் நகரில் விபத்தில் இறந்தார். எல்டன் அவருடைய நண்பர். டோப்பின் அதே மெட்டுக்குப் புதிய வரிகள் எழுதிக் கொடுத்தார். செப்டெம்பர் 6ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் எல்டன் அதைப் பாடினார். பின்னர் வெளியான இசைத்தட்டு 3 கோடி 30 இலட்சம் பிரதிகள் வரை விற்பனையாயிற்று. வருவாய் டயானாவின் நினைவு நிதியத்துக்குச் சென்றது. ஒருத்திக்குப் பாடிய இரங்கலை மற்றொருத்திக்கு மாற்றலாமா என்ற வினா அன்றே எழுந்தது. கவிதையாக மட்டும் நோக்கின், 1973ஆம் ஆண்டுப் பாட்டே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. முதற் பாட்டில் சினமும் இரக்கமும் கலந்திருந்தன. பின்னையதில், அவ்விடத்துக்கு ஏற்ப, போற்றுதலே நிறைந்திருந்தது. ஆயினும் அவ்வினாவுக்கு எல்டன் தம் செயலால் அளித்த விடை மதிப்புக்குரியது. பேராலயத்திற் பாடிய வடிவத்தை அவர் அதன் பின் எந்த மேடையிலும் பாடவில்லை. பழைய வரிகளையே தொடர்ந்து பாடினார். உலகம் மிகுதியாக விலை கொடுத்து வாங்கிய தமது பாட்டை, அத்துயரத்துக்கு மாத்திரமே உரியதென்று ஒதுக்கி வைத்தமை எளிதான செயலன்று.

2018இல் தொடங்கிய பிரியாவிடைப் பயணத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மேடைகளிற் பாடி, 2023ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் ஸ்டொக்ஹோம் நகரில் எல்டன் தம் இசைப் பயணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். மறு ஆண்டு கண்ணில் ஏற்பட்ட தொற்றினால் அவரது பார்வை பெரிதும் குன்றியது. அவ்வாண்டின் இறுதியில், தாம் இசையமைத்த நாடகமொன்று இலண்டனில் அரங்கேறியபோது, அதைப் பார்க்க இயலவில்லையென்றும், கேட்டு மகிழ்ந்ததாகவும் அவர் சபையோரிடம் கூறினார்.

எத்தனையோ கண்ணாடிகளையும் ஆடைகளையும் உலகுக்குக் காட்டிய கலைஞர், தம் படைப்பைச் செவியால் மட்டும் நுகரும் நிலைக்கு வந்தார். வானொலி நேயர் என்றும் இருக்கும் நிலை அதுவே. இங்கே எடுத்துக்காட்டிய பாடல்களைக் கேட்க விரும்புவோர், படக்காட்சிகளைத் தேடாமல், ஒலியை மாத்திரம் கேட்பார்களாக. பணமில்லாத காதலனும், வீடு பிரிந்த விண்வெளிப் பயணியும், விமானத்தை நோக்கி நிற்கும் தம்பியும், இருட்டில் அமர்ந்த இரசிகனும் அப்பொழுது ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுவர்.